இதழில் முடி

"முடி இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லு தாயே. குளிர் தாங்கல."

ஜூன் மாதத் தூறலில், லீலண்ட் வகுப்பறைக்குப் பின்னால் இருந்த தேவதாரு மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். ஓர்லா லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்திருந்தாள். இருவரும் ஜிக்ஜாக் ஊரின் மாலை நேரத் தாவர வகுப்பில் ஒன்றாகப் படிக்கிறவர்கள். ஒரு பூவை அடையாளம் சொல்லும்படி யாராவது அவளைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை லீலண்டுக்குக் கல்யாணம். மணப்பெண் மார்னி, வனத்துறையில் தாவர ஆய்வாளர். அவளை அவன் முதலில் பார்த்தது ஹூட் மலையின் ஈரக் காட்டில், அகல இலை லூபின்கள் நீலமாகப் பூத்திருந்த ஓடைக்கரையில். கல்யாணத்தன்று அதே பூவைக் காட்டி அவளை அசத்த நினைத்திருந்தான். இப்போது திடீரென்று சந்தேகம்.

"வேற லூபினா இருந்தா மாத்திக்க முடியாதா?" என்றாள் ஓர்லா.

"இனிமே எங்க மாத்தறது? மலைக்குக் கிழக்கே காய்ஞ்ச சரிவுல வளருமே, அந்த வகையா இருந்தா நான் செத்தேன். அவளோட பழைய காதலன் அதுலதான் டாக்டர் பட்டமே வாங்கினான்."

ஓர்லா தாவரக் கையேட்டை வரி வரியாகப் பின்பற்றினாள். சிற்றிலைகள் ஏழு. மறுபடி எண்ணினாள், ஏழுதான். அகலம் சரி. பூ அடுக்கும் சரி. மிச்சம் ஒரே சோதனை: மேல் இதழின் வெளிப்புறம் வழவழப்பாக இருந்தால் ஈரக் காட்டு வகை, முடி இருந்தால் காய்ந்த சரிவு வகை.

"மூச்சு விடாதே. பூ ஆடுது."

அவன் மூச்சை அடக்கினான்.

"முடி இருக்கு," என்றாள் மெதுவாக. "நிறையவே இருக்கு."

லீலண்ட் மரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டான்.

ஆனால் அவளுக்குத் தன் கண்மேலேயே நம்பிக்கை இல்லை. பட்டுப் போன்ற வெள்ளை முடி என்றது கையேடு. இதுவோ கறுப்பு, சுருட்டை, அரை விரல் நீளம். ஆசிரியை வெர்னாவைக் கைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் ஒப்பித்தாள். முப்பது வருஷத்தில் இப்படியொரு லூபினைத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்றார் வெர்னா. உலகம் பார்க்காத புது இனமாகக்கூட இருக்கலாம் என்று கூவினார். பறிக்காதே, மிதிக்காதே, எந்த மண்ணில் வளர்கிறது என்று மட்டும் சொல் என்றார்.

ஓர்லா இன்னொரு முறை சரிபார்த்துக்கொண்டாள்.

"மண்ணுல இல்ல டீச்சர், லீலண்ட் முதுகுல. போன மாசம் பச்சை குத்தியிருக்கான்."