வெயில்ல வந்திருக்கீங்க

"வெயில்ல வந்திருக்கீங்க, முதல்ல தண்ணி குடிங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

வாசலில் பார்சல் கொண்டுவந்தவரின் மழைக்கோட்டிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. தமிழ் புரிந்திருக்க வேண்டும். சிரித்தபடி வானத்தைக் காட்டிவிட்டுப் படியிறங்கினார்.

பின்னால் கூடமே சிரித்தது.

"வேலூர் வெயில் நாக்கு வரைக்கும் ஏறியிருக்கு பாருடா!" என்றாள் மாப்பிள்ளையின் அக்கா சுகந்தி, தம்பியிடம்.

அவனும் சிரித்தான். "பெங்களூருக்கு வந்து ரெண்டு மாசம் இருந்தா சரியாயிடும்."

சரியாயிடும்.

அண்ணனோடு மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருந்தாள். காலையிலிருந்து இதே பேச்சு. மே மாதத்திலும் போர்வை வேண்டும். மின்விசிறிக்குத் தூசு தட்டுவது ஒன்றுதான் வேலை. வந்துவிட்டால் நிறம்கூடத் தெளிந்துவிடும். இருவருக்கும் ஒரே வங்கி. அவள் மாற்றலுக்கு எழுதிக்கொடுத்தால் ஆடி பிறப்பதற்குள் கல்யாணம். அவள் தலையசைப்பதுதான் பாக்கி.

அவனைப் பிடித்திருந்தது.

ஊரையும் பிடிக்காமல் இல்லை. ஜன்னல் காற்று கழுத்தில் பட்டபோது கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது.

ஆனால் எது சரியாக வேண்டும்?

கத்தரி வெயிலில் அவள் ஊரில், கதவைத் தட்டுகிறவரை யாரென்று கேட்பதில்லை. முதலில் சொம்பு. பெயரும் வந்த காரியமும் பிறகு. ஒரு கோடையில் எதிர்த்தெருக்காரி சண்டைக்கு வந்தாள். அம்மா தண்ணீர் கொடுத்தாள். வந்தவள் முழுவதையும் குடித்து, சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் கத்தத் தொடங்கினாள்.

வெயில் பழக்கிய மரியாதை அது. குளிர்ந்த ஊருக்குத் தேவைப்பட்டிருக்காது.

முதுகு தானாக நிமிர்ந்தது. இவ்வளவு வருடங்களாக அந்த ஊரைத் திட்டிக்கொண்டே அதற்குள் வளர்ந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். சிரித்தவர்கள்மேல் கோபம்கூட வரவில்லை.

"அப்ப, ட்ரான்ஸ்ஃபருக்கு எழுதிக் குடுத்துடுறீங்களா?" அவன் கேட்டான்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"வேலூர் பிராஞ்ச்லயும் ஒரு இடம் காலியா இருக்குங்க."

சுகந்தி தம்பியைப் பார்த்தாள். அண்ணன் தரையைப் பார்த்தான்.

அவள் அவனை மட்டும் பார்த்தாள்.

வெளியே மழை விடவில்லை.

அவன் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.