புது ஆணி

ஒஹாயோவில் அந்த ஊர் நூலகச் சுவரில், ஊருக்குப் பேர் வாங்கித் தந்தவர்களின் படங்கள் வரிசையாகத் தொங்கும். செத்தவர்களுக்கு மட்டும்தான் அங்கே இடம். ஊர் முழுக்கக் குடிநீர் வரவழைத்த ரிட்டையர்டு எஞ்சினீயர் சபாநாயகம் தினமும் அதற்கு எதிரே உட்கார்ந்துதான் பேப்பர் படிப்பார். அன்று கடைசிப் படத்தை அடுத்து ஒரு புது ஆணி அடித்திருந்தது. சமீபத்தில் பெரிய மனிதர் யாரும் போய்ச் சேரவில்லையே என்று யோசித்தார். படங்களைத் துடைத்துக்கொண்டே வந்த நூலகர் மார்லீன், ஆணிக்குக் கீழே வெறும் சுவரையும் துடைத்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, "உடம்பு எப்படி இருக்கு?" என்று என்றைக்கும் இல்லாத கனிவோடு கேட்டாள். அவருக்குச் சுருக்கென்றது. போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனை மனைவி விசாலம் கதவைச் சாத்திக்கொண்டல்லவா பேசினாள்? "ஒண்ணுமில்லையாம், எல்லாம் நார்மலாம்" என்றவள், அன்று சாயங்காலமே ஆல்பத்தைப் புரட்டி, "இந்தக் கோட்டுல நல்லா சிரிச்ச மாதிரி இருக்கீங்க" என்று ஒரு படத்தை உருவினாளே, எதற்கு?

மார்லீன் நகர்ந்ததும் ஆணியைத் திருகிப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

சட்டையை மெஷினில் போடுவதற்கு முன் விசாலம் பையைத் துழாவினாள். ஒரு காபிக் கடை ரசீது அகப்பட்டாலே, யாரோடு போனீர்கள், சர்க்கரை போட்டுக் குடித்தீர்களா என்று குடைந்தெடுக்கிறவள் அவள். ஆணியை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சாப்பிட வாங்க" என்றாள். "பாயசம் வெச்சிருக்கேன்."