முத்தாண்டி சாய்ந்த கல்

"ஏனுங்க டிரைவர், இங்க எதுக்கு நிறுத்துனீங்க?"

தனபால் கத்தியது டிரைவர் பிரான்சிஸ் காதில் விழவில்லை. அவர் அதற்குள் இறங்கிப் போய், ரோட்டோரக் கல்லுக்கு முன்னால் சூடம் ஏற்றிக்கொண்டிருந்தார். குனிந்ததில் கழுத்துச் சிலுவை வெளியே வந்து ஆடியது. காற்றுக்கு மறைப்பாகத் துண்டைப் பிடித்தபடி நின்றவர் கண்டக்டர் ஜாவித்.

உடுமலைப்பேட்டை போகிற பஸ். ஸ்டாப் கிடையாது, ஊர் கிடையாது. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு.

"சாமி காரியமுங்க. ரெண்டே நிமிசம்," என்றார் ஜாவித்.

"எந்த சாமி?"

"நம்ம முத்தாண்டி வீரனுங்க. சண்டையில அடிபட்டு வந்து, இந்தக் கல்லுல சாஞ்சுதான் இளைப்பாறுனாரு. நிக்காமப் போனா வண்டி பஞ்சராயிருமுங்க."

யாரிடம் போய்ச் சொல்கிறார் பாருங்கள்! தனபால் ரிட்டயர்டு வாத்தியார். பதினோரு வருசமாக முத்தாண்டி வீரன் கால் பட்ட இடங்களைத் தேடித் தேடிப் புத்தகம் எழுதுகிறவர். குதிரை தண்ணீர் குடித்த குதிரைக்குட்டை, ஈட்டி குத்தி நின்ற ஈட்டிப்பாறை, தலைப்பாகை அவிழ்ந்து விழுந்த தலப்பாக்கரடு என்று மொத்தம் பதினேழு இடம் அவர் நோட்டில் இருக்கிறது. இந்தக் கல் இல்லை.

"அந்த மனுசன் இந்தப் பக்கமே வந்ததில்லைங்க! ஆதாரம் இருக்குதா? இது பழைய ஃபர்லாங் கல்லு!"

"ஃபர்லாங் கல்லுலயும் சாயலாமுங்களே."

பின் சீட்டிலிருந்து பூக்காரம்மா செவ்வந்தி எட்டிப் பார்த்தார். "திங்கள், புதன், வெள்ளி மட்டுந்தானுங்க இந்தப் பூசை. மத்த நாள் வண்டி நிக்காமப் போயிரும்."

"அப்ப செவ்வாக்கெழம பஞ்சராகாதாக்கும்?"

"இதுவரைக்கும் ஆகலீங்க," என்றார் ஜாவித்.

பிரான்சிஸ் தோப்புப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்னொரு கட்டி சூடத்தை வைத்தார்.

தனபாலுக்குச் சுர்ரென்று ஏறியது. போலி என்றாலே அவருக்கு ஆகாது. "வீரன் பேரைச் சொல்லி ஏமாத்தறீங்களா? இன்னிக்கே டிப்போவுக்கு எழுதிப்போடறேன்!" நோட்டைத் திறந்து பஸ் நம்பரைக் குறித்தார்.

ஜாவித்தின் முகம் செத்துப்போனது. "எழுதீராதீங்க சார். கும்பிட்டுக் கேக்கறனுங்க."

அப்போதுதான் தோப்பு வழியே ஒரு பெண் வந்தார். பத்தடிக்கு ஒருதரம் நின்று நின்று வந்தார். முகமும் காலும் வீங்கியிருந்தன. முழங்கையில் பிளாஸ்திரி. கல்லை எட்டியதும் அதில் அப்படியே சாய்ந்து மூச்சு வாங்கினார்.

"மெதுவா வாங்க மாசாணியம்மாக்கா. சூடம் இன்னும் எரியுதுங்க," என்று ஜாவித் கை கொடுத்து ஏற்றிவிட்டார்.

சூடம் அணைந்தது. பிரான்சிஸ் வந்து வண்டியைக் கிளப்பினார்.

ஜாவித் தனபாலின் காதருகே குனிந்தார். "டயாலிசிஸுங்க. வாரத்துல மூணு நாள். ஸ்டாப்பு ரெண்டு கிலோமீட்டர் தள்ளி, அத்தன தூரம் நடந்தா உசிரு தாங்காது. மொதல்ல சும்மாதான் நிறுத்துனோம். யாரோ ஒரு புண்ணியவான் எழுதிப்போட்டாரு, மெமோ வந்துருச்சு. சாமிக்கு நிறுத்துனா மட்டும் ஒருத்தரும் கேக்கறதில்லைங்க."

தனபால் நோட்டை மூடினார்.

பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்த மாசாணியம்மாள் அவரைப் பார்த்துச் சிரித்தார். "நீங்களும் கும்புட்டுக்கோங்க சார். முத்தாண்டி வீரன் நல்ல சாமி. கரெக்டா நான் வர்ற நேரம் பாத்து பஸ்ஸ நிறுத்தி வெச்சுருதுங்க."

தனபால் திரும்பி, கல் மறைகிற வரைக்கும் ஜன்னல் வழியே பார்த்தார். பிறகு நோட்டைத் திறந்தார். பஸ் நம்பரை அடித்துவிட்டு, அதன் கீழே எழுதினார்:

'18. இளைப்பாறிக்கல். முத்தாண்டி வீரன் அடிபட்டு வந்து சாய்ந்த இடம்.'

ஜாவித் எட்டிப் பார்த்தார். "சார், ஆதாரம் கேப்பாங்களே?"

"கேக்கட்டும்," என்றார் தனபால். "சாஞ்சத நான் என் கண்ணால பாத்தனுங்க."