மீரானின் ஒரு மணி நேரப் பேச்சு

புயலுக்காக நான்கு நாள் மின்சாரம் நிறுத்தப்படும் என்று அறிவிப்பு வந்ததும் சுலைகா குடங்களில் தண்ணீர் பிடித்தாள், மெழுகுவர்த்தி வாங்கினாள், கணவர் மீரானின் குரலுக்கும் சார்ஜ் போட்டாள். புற்றுநோய் தின்ற தொண்டையில் பொருத்திய கருவி அவருடைய பழைய குரலிலேயே பேசும். ஆனால் ஒரு சார்ஜுக்கு ஒரு மணி நேரம்தான்.

"வீண் பேச்சு பேசிடாதீங்க. மஸ்கட்ல நம்ம புள்ளைக்கு இன்னைக்கோ நாளைக்கோ பிரசவம். அவகிட்ட பேச வேணும்ல?"

மீரான் தலையை மட்டும் ஆட்டினார்.

சொன்ன நேரத்துக்கு முன்பே மின்சாரம் போய்விட்டது. ஐந்தாம் மாடிக் குழந்தை தர்ஷிகா லிஃப்டுக்குள் தனியாக மாட்டிக்கொண்டு அலறினாள். ஆட்கள் கதவை நெம்பத் தொடங்கினார்கள். மீரான் கதவோரம் உட்கார்ந்தார்.

"பயப்படாதம்மா, தாத்தா இங்கனதான் இருக்கேன்" என்று ஆரம்பித்து, தாம் கப்பலில் போன ஊர்களின் கதைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். அழுகை விசும்பலாயிற்று, பிறகு உள்ளிருந்து கேள்விகள் வந்தன. அவரைத் தடுக்க சுலைகா வாயெடுத்தாள்; மனம் வரவில்லை. கதவு திறந்து குழந்தை தாயிடம் தாவியபோது, மீரானின் குரல் பாதி வாக்கியத்தில் நின்றுபோயிருந்தது.

சாயங்காலம் மகள் அழைத்தாள். "உம்மா, வலி எடுத்திருச்சு. வாப்பாகிட்ட கொடுங்க."

மீரான் கண் கலங்கித் தலைகுனிந்தார். சுலைகா ஸ்பீக்கரைப் போட்டு அவர் பக்கத்தில் போய் அமர்ந்தாள்.

"வாப்பா கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்கம்மா, பேசத்தான் முடியாது. இன்னைக்கு அவங்க என்ன செஞ்சாங்கன்னு நான் சொல்றேன், கேளு."