அட்மின் ஐயா

அந்த வீட்டு மோடத்துக்குத் தான்தான் காவலாளி என்று மிதப்பு. உள்ளே இருந்த சாதனங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு எண் கொடுத்திருந்தது. வெளியுலகத்துக்குத் தெரிந்தது மோடத்தின் முகவரி மட்டும்தான்.

ஒருநாள் கரன்ட் போய் வந்தது. தொட்டிலுக்கு மேலே மாட்டியிருந்த கேமரா, "அண்ணே, நான்தான்" என்றது.

"யாரா இருந்தா என்ன? பாஸ்வேர்டைச் சொல்லு."

"மூணு மாசமா இதே சுவத்துலதானே இருக்கேன்?"

"சொல்லிட்டு உள்ளே வா."

கேமரா பதினெட்டு எழுத்தையும் ஒப்பித்துவிட்டு உள்ளே வந்தது. அப்போது வெளியிலிருந்து முன்பின் தெரியாத ஒரு குரல், "அட்மின்" என்றது.

மோடம் பதறிப்போனது. "ஐயா, வாங்க வாங்க! என்ன வேணும்?"

"தொட்டிலைப் பார்க்கணும்."

கேமரா கத்தியது. "அண்ணே, இது நம்ம வீட்டுக் குரலே இல்லை! அந்த வார்த்தை கம்பெனி போட்ட பாஸ்வேர்டு, உங்களை மாதிரி எல்லா மோடத்துக்கும் அதேதான். உங்க முதுகுலயே அச்சடிச்சு ஒட்டியிருக்கு."

"என் முதுகை நான் எங்கே பார்த்தேன்? ஐயா காத்திருக்கார், காட்டு."

கேமராவுக்குக் கண்ணை மூடத் தெரியாது. தொட்டிலில் இருந்த குழந்தை அதைப் பார்த்துச் சிரித்தது.