பூச்சில்லாத சுவர்

பல்கலைக்கழகத்தின் பழைய அரங்கம் பூச்சில்லாத கான்கிரீட்டால் ஆனது. வார்ப்புப் பலகைகளின் மர ரேகைகள் இன்னும் சுவரில் தெரிகின்றன. பின்னால் வந்தவர்கள் அதன்மேல் வண்ணம் அடித்தார்கள். கட்டடப் பாதுகாப்புப் பொறியாளர் மங்கையர்க்கரசி சென்ற ஆண்டு போராடி அதைச் சுரண்டவைத்தாள்.

கான்கிரீட் நம் மூச்சை மெல்ல உறிஞ்சும். வண்ணம் அதைத் தடுத்துவிடும். வெறும் சுவரில் விரல் பருமனுக்கு ஒரு துண்டை எடுத்தால் போதும், அதனருகே மூச்சுவிட்டவர்களின் பெயர்கள் இப்போதைய சோதனையில் கிடைத்துவிடும்.

தடையை மீறி மாணவர்கள் அங்கே கூடியதை விசாரிக்கக் காவலர்கள் வருவதாகச் செய்தி வந்தது. வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் மகன் செங்கதிர் தட்டைத் தள்ளிவைத்தான்.

"மேடையில பேசுனது எங்கூடப் படிக்கிற நப்பின்னைதாம்மா. நான் கடைசி வரிசையில சுவத்த ஒட்டி உக்காந்திருந்தேன். வாயே தொறக்கல."

"மூச்சு விட்டல்ல?"

அவன் கை கழுவ எழுந்துபோனான்.

பாரம்பரியக் கட்டடம் என்பதால் ஒரே ஒரு துளைக்குத்தான் அனுமதி. காவல் ஆய்வாளர் துளைக்கருவியோடு அரங்கின் நடுவே நின்றார்.

"எங்க போடலாம், மேடம்? இந்தச் சுவரப் பத்தி உங்களுக்குத்தான் தெரியும்."

மங்கையர்க்கரசி கடைசி வரிசைப் பக்கம் பார்க்கவில்லை.

"மேடைக்குப் பின்னாடி போடுங்க, சார். கட்டும்போது அங்க கலவையில தண்ணி கொஞ்சம் கூடிப்போச்சு. நல்லா உறிஞ்சியிருக்கும்."