மார்ச் பத்து

“யுரேனஸுக்கு வளையம் இருக்குன்னு கண்டுபிடிச்ச நாள், உலகத்துல முதல் டெலிபோன் பேசின நாள், எல்லாம் வருஷா வருஷம் வாசிக்கத் தெரியுதாமே! என் பையன் கடல்ல போன நாள் மட்டும் உன் வாயில வராதாடி, மோனா?”

பூட்ஸில் ஒட்டிய பனியைக்கூட உதறாமல் வந்து நின்றாள் லொரெட்டா.

கனடாவில், நியூஃபவுண்ட்லாந்தின் அந்தச் சின்னத் துறைமுகத்தில் வானொலி நிலையம் என்பது ஒற்றை அறை. தினமும் காலையில் ‘வரலாற்றில் இன்று’ வாசிப்பவள் மோனா. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

“பாட்டு ஓடுது, மெதுவாப் பேசு. வர்ற ஞாயித்துக்கிழமை சர்ச்சுல, படகோட போன அஞ்சு பேர் பேரையும் வாசிப்பாங்க.”

“ஞாயித்துக்கிழமை உங்க சௌகரியம். என் டேரல் செத்தது இன்னிக்கு. கல்லறைக் கல்லுலகூட வருஷம் மட்டும்தான் இருக்கு. தேதியையும் வெட்டினா உளி தேஞ்சிடுமா?”

“உனக்குத் தெரியாது லொரெட்டா. எட்டு வருஷமா நீ ஒன்டாரியோவுல, தங்கச்சி வீட்டுல...”

“ஆமா, நான் அங்க அழுதுக்கிட்டுக் கிடந்தேன். நீங்க இங்க சொகமா மறந்துட்டீங்க.”

“முதல்ல நான் சொல்றதை...”

பாட்டு முடிந்து, ஒலிபரப்புக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. மோனா வாயைத் திறப்பதற்குள் லொரெட்டா மைக்கை இழுத்துக்கொண்டாள்.

“எட்டு வருஷத்துக்கு முன்னாடி, இதே மார்ச் பத்து, ‘ஸ்டெல்லா ரோஸ்’ படகு முழுகிச்சு. படகோட்டி வின்ஸ் கீப்பிங் போனார். என் டேரல் போனான். ஊர் மறக்கலாம். பெத்தவ மறக்க மாட்டா.”

லொரெட்டாவுக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கினாற்போல இருந்தது. மோனா கத்துவாள் என்று காத்திருந்தாள். அவளோ அடுத்த பாட்டைப் போட்டுவிட்டு டெலிபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி, போலீசைக் கூப்பிடப் போறியா?”

“ஷார்லின் கூப்பிடுவாளான்னு பாக்கறேன்.”

“அது யாரு?”

“வின்ஸ் பொண்டாட்டி அப்போ நிறைமாசமா இருந்தாளே, அவளோட பொண்ணு. படகு போன அன்னிக்கே பொறந்தா.”

லொரெட்டா பிடித்திருந்த மைக்கை விட்டாள்.

“அப்பா கடல்ல போனது அவளுக்குத் தெரியும். எந்த நாள்னு தெரியாது. புள்ளைக்குப் பொறந்தநாள்னு ஒண்ணு இருக்கட்டுமேன்னு அவ அம்மா கேட்டா. ஊரே சேர்ந்து துக்கத்தை ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளி வெச்சோம். யாரும் மறக்கலடி.”

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

“பேச்சு வந்த நாள்லேர்ந்து, வருஷா வருஷம் இதே நாள்ல, நான் வாசிச்சு முடிச்ச உடனே கூப்பிடுவா. ‘மோனா ஆன்ட்டி, இன்னிக்குத்தான் நான் பொறந்தேன், அதைச் சொல்ல மறந்துட்டீங்களே’ம்பா.”

பாட்டு முடிந்தது. சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது. டெலிபோன் அப்படியே கிடந்தது.

மோனா மைக்கை மெல்ல லொரெட்டா பக்கம் தள்ளினாள்.

“ஷார்லின் கண்ணு... நீ பொறந்ததைச் சொல்ல மறந்துட்டேன்டி.”

இரண்டு பேரும் டெலிபோனைப் பார்த்தார்கள்.

“ஒரே ஒரு தடவை கூப்பிடேன், கண்ணு.”